கவிழ்த்து வைத்த பாட்டில்

மூடுபனி ஆற்றிலிருந்து ஏறி வந்து படகுக் கொட்டகையின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே வரத் தயங்குவதுபோல.

"காலை ஏழு மணிக்கு மனுஷன் எழுந்திருக்கிறதே பெருசு பாஸ். இந்த ஊர்ல பேய்கூட ஆறு மணிக்கெல்லாம் டியூட்டிக்கு வந்துடுதாமே?" என்றான் ஸ்டாவ், உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றியபடி.

ஸ்டாவ் என்கிற ஸ்டாவ்ரோஸுக்கு ஐம்பது வயது. இருபது வருடம் டாக்ஸி ஓட்டியவன். பயணி பேசாவிட்டால் பயணிக்கும் சேர்த்துத் தானே பேசிப் பழகிய வாய். அவன் பாஸ் என்று அழைத்த மெரின் ஹல்லம் நேர் எதிர். நகராட்சியில் இருபத்தாறு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்து, பேசாமலேயே உணவகச் சமையலறைகளை நடுங்கவைத்தவர். ஓய்வு பெற்றதும் துப்பறிய ஆரம்பித்தார். பார்க்கிற வேலை ஒன்றுதான், ஊதியம்தான் வேறு என்பார்.

"இதுதான்," என்றாள் ஜாஸ்லின் கார்வர். கையை நீட்டினாளே தவிர, கிட்டே போகவில்லை.

சுவரோரமாக ஒரு நீளப் பலகை. அதில் ஒன்பது தண்ணீர் பாட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பெயர். எட்டு பாட்டில்கள் மூடியோடு நிமிர்ந்து நின்றன. ஒன்பதாவது மட்டும் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. மூடி தனியாகப் பக்கத்தில் கிடந்தது. பாட்டிலின் நீல உலோகத்தில் நீர்த்துளிகள் இன்னும் வழிந்துகொண்டிருந்தன. கீழே எழுதியிருந்த பெயர் ஐரிஸ்.

"ஐரிஸ் டிரான்டர். எங்க படகுல பதினோரு வருஷம் சுக்கான் பிடிச்சவ," என்றாள் ஜாஸ்லின். வில்லோபெண்ட் பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியை. எட்டுப் பெண்கள் துடுப்புப் போடும் இந்தக் குழுவுக்குத் தலைவி. "செத்து ஏழு வாரம் ஆச்சு. தினம் காலையில கதவைத் திறந்தா, இந்த பாட்டில் ஈரமா கவிழ்ந்து கிடக்குது. கவிழ்ந்த படகு மாதிரி."

"எல்லாரும் பயந்துட்டாங்களா?" என்று கேட்டார் மெரின்.

"பயப்படாம? அவ போன ரெண்டாவது வாரத்துலருந்து ஒவ்வொருத்தியா விழ ஆரம்பிச்சோம். வயித்து வலி, வாந்தி, காய்ச்சல். எட்டுப் பேர்ல ஒருத்தி பாக்கியில்ல. எனக்கே நாலு நாள். டாம்ஸின் நகரத்து ஆஸ்பத்திரியில கிடக்கா. கிட்னி வேலை செய்யலைங்கிறாங்க." ஜாஸ்லினின் குரல் கொஞ்சம் இறங்கியது. "குழாய்த் தண்ணி, தொட்டித் தண்ணி ரெண்டையும் டெஸ்ட் பண்ணியாச்சு. சுத்தம். மத்தவங்க பேய்ங்கிறாங்க. நான் க்ளெம்ங்கிறேன்."

"க்ளெம் யாரு?"

"ஐரிஸோட புருஷன். கொட்டகைக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு ஐரிஸ்கிட்ட இருந்துச்சு, இப்ப அவர்கிட்ட இருக்கணும். அவ சாகறதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் அவளைக் குழுவுலருந்து எடுத்தோம். வயசாயிடுச்சு, எடை கூடிடுச்சு, போட்டிக்கு ஒத்துவரலன்னு. அப்புறம் ஒருநாள் மதியம் தூங்கப் போனவ எழுந்திருக்கல. இதயம். அடக்கத்தன்னிக்கு க்ளெம் எங்க எட்டுப் பேரையும் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? 'இனிமே நீங்க யாரும் நிம்மதியா ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டீங்க'ன்னார். நூறு பேர் கேட்டாங்க. பதினோரு மணிக்குப் போலீஸ்ல புகார் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உங்க வாயால ஒரு வார்த்தை வேணும். விஷமா, இல்லையா?"

"புகார்ல பேய் பேரையும் சேர்த்துக்கலாமே?" என்றான் ஸ்டாவ். "முகவரிதான் கஷ்டம்."

ஜாஸ்லின் சிரிக்கவில்லை. வெளியே பனிக்குள் ஏதோ நீர்ப்பறவை ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது.

மெரின் பலகையை நெருங்கிக் குனிந்து பார்த்தார். எதையும் தொடவில்லை.

"இப்ப சுக்கான் பிடிக்கிறது யாரு?"

"பியா. சின்னப் பொண்ணு. பேக்கரியில வேலை."

"அவளுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இருபத்துநாலு வயசு. கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

மெரின் நிமிர்ந்தார். "ஜாஸ்லின், நான் ஐரிஸோட பேயா இருந்தா முதல்ல யார் வயித்தைக் கலக்குவேன்?"

ஜாஸ்லின் பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் இடத்துல வந்து உட்கார்ந்தவ வயித்தை. நான் க்ளெமா இருந்தாலும் அவளைத்தான். பேய்க்கோ புருஷனுக்கோ கோபம்னா, அந்தக் கோபம் எப்படி அவளை மட்டும் விட்டு வைக்கும்? ஸ்டாவ், வண்டியை எடு."

*

பேக்கரியில் காலை நேரத்துக் கூட்டம் வடிந்திருந்தது. பியா மாவுக் கையோடு வெளியே வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஸ்டாவ் அதற்குள் இறைச்சி பஃப் ஒன்றை வாங்கி, சாறு சட்டையில் சொட்டாமல் கடிப்பதில் மும்முரமாக இருந்தான்.

"உனக்கு மட்டும் ஏம்மா ஒண்ணும் ஆகல?" என்று கேட்டார் மெரின்.

பியாவின் முகம் வெளுத்தது. "நீங்களும் என்னைத்தான் சந்தேகப்படுறீங்களா? குழுவுல பாதிப் பேரு என்கூடப் பேசறதில்ல."

"சந்தேகமில்ல. கேள்வி."

"எனக்குத் தெரியல மெரின். எனக்குத்தான் முதல்ல வரும்னு நானே காத்துட்டிருந்தேன்." அவள் மேஜையிலிருந்த துணியை எடுத்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தைத் துடைத்தாள். "படகுல நான் குரல் குடுக்கறப்போ, அவங்க எல்லாரும் என் முகத்தைப் பார்க்கறதில்ல. எனக்குப் பின்னாடி பார்க்கறாங்க. பனியில சில நாள், நான் 'இழு'ன்னு சொல்றதுக்கு அரை நொடி முன்னாடியே எட்டுத் துடுப்பும் தண்ணியில இறங்கிடுது. யாரோ எனக்கு முன்னாடி சொன்ன மாதிரி. அதை நான் யார்கிட்டயும் சொல்லல."

ஸ்டாவ் மெல்லுவதை நிறுத்தினான்.

"உன் பாட்டிலைப் பலகையில காணோமே?" என்றார் மெரின்.

"வைக்கல. ஒன்பதாவது இடம் அவங்களோடது. அங்க எப்படி வைப்பேன்? பத்தாவது இடம் யாரும் எனக்குக் காட்டல. அதனால தினமும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்."

"வீட்டுல என்ன பண்ணுவ?"

"என்ன பண்ணுவாங்க, கழுவுவேன்." பியா பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகிக் கழற்றி, அதன் உள்விளிம்பில் கத்தி முனையை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினாள். வளையல்போல ஒரு ரப்பர் வளையம் வெளியே துள்ளி விழுந்தது. "இதைக் கழற்றிச் சோப்புப் போடுவேன். உறிஞ்சற குழாய்க்குள்ள மெல்லிசு பிரஷ் விடுவேன். வெந்நீர்ல அலசித் தலைகீழா கவிழ்த்துடுவேன். ராத்திரி முழுக்கத் திறந்தே காயும். மூடி வெச்சா உள்ளேயே புழுங்கி நாறிடும்ல?"

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?"

"காபி மெஷின்தான்!" முதல்முறையாக அவள் லேசாகச் சிரித்தாள். "அதுலயும் இப்படி ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஒருநாள் கழற்றிக் கழுவலைன்னா மறுநாள் பால் நாறும். முதலாளி என் காதைத் திருகிடுவார்."

ஸ்டாவ் மெதுவாகக் கையை உயர்த்தினான். "பாஸ், ஒரு பொதுவான கேள்வி. ஒருத்தன் வண்டியில ஒரு பாட்டில் இருக்குன்னு வெச்சுக்குவோம். மூணு வருஷமா இருக்கு. அவனுக்கு இப்படி ஒரு வளையம் இருக்கிறதே இப்பதான் தெரியுது. அவன் உயில் எழுதிடணுமா?"

"எழுது," என்றார் மெரின். "கொட்டகைக்குப் போற வழியில எழுது."

*

ஜாஸ்லின் கொட்டகையிலேயே காத்திருந்தாள். கையில் புகார்த் தாள் நான்காக மடிந்திருந்தது. பனி கலைந்திருக்க வேண்டிய நேரம், கலையவில்லை.

மெரின் கையுறை மாட்டிக்கொண்டு முதல் பாட்டிலை எடுத்தார். அது ஜாஸ்லினுடையது. மூடியைத் திறந்து, பேனாக்கத்தியால் ரப்பர் வளையத்தை நெம்பினார். அது துள்ளவில்லை. ஒட்டிக்கொண்டு இழுபட்டு, பிறகு வந்தது.

வளையத்தின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது. கறுப்பின்மேல் கூழ்போல ஏதோ மினுமினுத்தது. குளத்தடிச் சேற்றின் வாடை மூவர் மூக்கிலும் ஏறியது.

"ஐயோ," என்று வாயைப் பொத்திக்கொண்டாள் ஜாஸ்லின்.

இரண்டாவது பாட்டில். மூன்றாவது. ஐந்தாவதில் உறிஞ்சுகுழாயை உருவியபோது பச்சை நூலாக ஒன்று கூடவே வந்தது. எட்டிலும் அதே கறுப்பு, அதே வழவழப்பு.

"பாஸ், என் வண்டி பாட்டிலைக் குப்பையில போட்டுடறேன்," என்றான் ஸ்டாவ், ஜன்னலைத் திறந்துவிட்டபடி.

"இதுல என்ன கலக்குவீங்க?" என்று கேட்டார் மெரின்.

"எலுமிச்சைத் தூள். உப்பும் சர்க்கரையும் கலந்தது. தசை பிடிக்காம இருக்க."

"படகுல எங்கே வைப்பீங்க?"

"காலடியில. அடியில கொஞ்சம் ஆத்துத் தண்ணி தேங்கித்தான் இருக்கும்."

"ஆத்துல மாடு இறங்குது, வாத்து நீந்துது. அந்தத் தண்ணி வாய் வைக்கிற இடத்துல படுது. கிருமிக்கு வீடு இந்த ரப்பர் இடுக்கு, சாப்பாடு உங்க சர்க்கரை. ராத்திரி மூடி போட்டு கதகதப்பா தூங்கவும் வெச்சிட்டீங்க. பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல மாமியார் வீடு கிடைக்காது. சில கிருமி முத்தினா கிட்னியையே பிடிக்கும்." மெரின் கையுறையைக் கழற்றினார். "விஷம் வெச்சது யாருமில்ல, ஜாஸ்லின். வளர்த்தது நீங்க. எப்பவாவது கழுவினீங்களா?"

"குலுக்கிக் கொட்டிட்டு மறுபடி பிடிப்போம். பயிற்சி முடிஞ்சு பலகையில வெச்சிட்டுப் போனா மறுநாள் சுத்தமாத்தானே இருக்கும்? பதினோரு வருஷமா அப்படித்தான். ஒருத்திக்கும் ஒண்ணும் வந்ததில்ல."

"பதினோரு வருஷமா," என்றார் மெரின், "பாட்டில் தானா சுத்தமாகுமா?"

ஜாஸ்லின் எட்டு மூடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

மெரின் கழுவுதொட்டிக்குப் போய் அதன் கீழிருந்த அலமாரியைத் திறந்தார். உள்ளே சமையல் சோடா டப்பா. வினிகர் பாட்டில். பாட்டில் கவிழ்த்துவைக்கும் மரச்சட்டம், ஒன்பது குச்சிகளோடு. எல்லாவற்றின்மேலும் சிலந்தி வலை. ஓரத்தில் இரண்டு பிரஷ்கள், ஒன்று தடி, ஒன்று மெல்லிசு. மெரின் அவற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ஈரம்."

"பேய் பிரஷ் போட்டுத் தேய்க்குமா பாஸ்?" என்றான் ஸ்டாவ். கேட்டபின் அவனுக்கே அது வேடிக்கையாகப் படவில்லை.

மெரின் கவிழ்ந்திருந்த நீல பாட்டிலின் மூடியை எடுத்தார். வளையம் ஏற்கெனவே கழற்றி அருகில் வைக்கப்பட்டிருந்தது. பால்போல வெள்ளை. வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு புள்ளி இல்லை.

"இது கவிழ்ந்த படகில்ல. காயவெச்ச பாட்டில்," என்றார். "ஐரிஸ் தினம் உங்க எட்டுப் பேரோடதையும் கழுவி, காயவெச்சு, காலையில மூடி போட்டு நிறுத்தியிருக்காங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி. அவங்க போனாங்க. ரெண்டே வாரம், நீங்க விழ ஆரம்பிச்சீங்க."

ஜாஸ்லின் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவ ஒரு வார்த்தை சொன்னதில்லையே," என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள்.

மெரின் போனை எடுத்து ஆஸ்பத்திரியை அழைத்தார். டாம்ஸினைப் பார்க்கும் டாக்டரிடம் ஆற்றுத் தண்ணீர், ரப்பர் வளையம், எலுமிச்சைத் தூள் எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். டாம்ஸினுடைய பாட்டிலை ஒரு பையில் போட்டு முடிந்துகொண்டார்.

"நானும் வரேன்," என்றாள் ஜாஸ்லின். எங்கே என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

*

அவர்கள் தட்டும் முன்பே க்ளெம் டிரான்டர் கதவைத் திறந்தார். எழுபதைத் தொட்ட மனிதர், ஆட்டு ரோமம் கத்தரித்தே தோள் வளைந்தவர். ஜாஸ்லினைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"போலீஸ் வரும்னு நினைச்சேன்," என்றார்.

"கொட்டகைக்குத் தினம் போறீங்க," என்றார் மெரின்.

"ஆமா. அஞ்சரைக்குப் போயிட்டு ஆறுக்குத் திரும்பிடுவேன். பதினோரு வருஷமா அவ போனா. நானும் சில நாள் கூடப் போய் நிப்பேன். அவ இல்லைன்னதும் அந்த நேரத்துக்கு எனக்குத் தூக்கம் வரல. வீட்டுல இருக்கவும் முடியல. அதனால போய் அவ பாட்டிலைக் கழுவி வைப்பேன். அவ்வளவுதான்."

"அது மட்டும்?"

"அது மட்டும்." க்ளெம் ஜாஸ்லினை நேராகப் பார்த்தார். "விலக்கின பிறகும் போனா. தெரியுமா உனக்கு? மூணு வாரம். 'வேண்டாம் ஐரிஸ், உன்னை வேண்டாம்னு சொன்னவங்க எச்சில் பாட்டிலை நீ எதுக்குக் கழுவணும்'னு கேட்டேன். 'அவங்களுக்குத் தெரியாது க்ளெம், பசங்க மாதிரி, உடம்புக்கு வந்துடும்'னா. ஒரு வாய் நல்ல தண்ணி யாரால குடிக்கிறீங்கன்னு அவ போனப்புறமாவது தெரியட்டும்னுதான் அன்னிக்குச் சொன்னேன்."

"அப்போ இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியும்," என்றார் மெரின்.

க்ளெம் அறைக்குள் நடந்து ஜன்னலைப் பார்த்து நின்றார்.

"தெரியும். பக்கத்துல எட்டு பாட்டில் நிக்கும். ஒண்ணைக் கழுவிட்டு எட்டையும் பார்த்துட்டு நிப்பேன். ஒரு நாள் கையில எடுத்தும் பார்த்தேன். வளையத்தைத் தூக்கினா கறுப்பு. அப்படியே வெச்சுட்டேன். ரெண்டு நாள் வயித்து வலி வரட்டும், கத்துக்கட்டும்னு நினைச்சேன்."

"டாம்ஸினுக்குக் கிட்னி போச்சு க்ளெம்," என்றாள் ஜாஸ்லின்.

அவர் திரும்பினார். "என்னது?"

"ஆஸ்பத்திரியில இருக்கா. ஒன்பது நாளாச்சு. யாரும் உங்ககிட்ட சொல்லல. உங்களோட யாருமே பேசறதில்லையே." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "ஐரிஸை எடுக்கணும்னு ஓட்டுப் போட்டப்போ ஏழு கை தூக்கினோம். தூக்காதவ டாம்ஸின் ஒருத்திதான்."

க்ளெம் பின்னாலிருந்த சுவரைத் தேடிச் சாய்ந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. "என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

ஜாஸ்லின் புகார்த் தாளைத் தன் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

நகரத்துக்கு இரண்டு மணி நேரப் பயணம். ஸ்டாவ் வண்டி ஓட்டினான். இருபது வருடத்தில் முதல்முறையாக வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னிருக்கையில் க்ளெமும் ஜாஸ்லினும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் மெரினிடம் நல்ல செய்தி சொன்னார். நேற்று மாலையிலிருந்து சிறுநீர் பிரிய ஆரம்பித்திருக்கிறது. ஆபத்தான கட்டம் தாண்டிவிட்டது. முழுசாகத் தேற மாதங்கள் ஆகும்; மறுபடி துடுப்புப் போடுவாளா என்பதை அப்புறம்தான் சொல்லமுடியும்.

டாம்ஸின் தலையணையில் சாய்ந்திருந்தாள். முப்பத்தாறு வயதுக்காரியின் முகம் இளைத்து வேறு யாருடையதோ போலிருந்தது. க்ளெம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் காலடியில் நின்றார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கழுவிய ஒன்றை, கழுவாமல் விட்ட எட்டை, கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த அந்தக் காலையை.

"போலீஸ்ல சொல்றதுன்னா சொல்லு. நானே வரேன்," என்று முடித்தார்.

டாம்ஸின் கண்களை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று மெரின் எட்டிப் பார்த்தார். தூங்கவில்லை.

"எனக்குத் தெரியும் க்ளெம்," என்றாள்.

"எது?"

"ஐரிஸ் கழுவறாங்கன்னு. ஆறு வருஷம் முன்னாடி ஒருநாள் சீக்கிரம் வந்துட்டேன். கதவு சந்துல பார்த்தேன். முழங்கை வரைக்கும் நுரை. மெல்லப் பாடிக்கிட்டே ஒவ்வொரு வளையமா கழற்றிட்டிருந்தாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "உள்ளே போனா, 'வாடி, ஒரு கை குடு'ம்பாங்கன்னு நினைச்சேன். குளிரு வேற. சத்தமில்லாம வண்டிக்குத் திரும்பிட்டேன். அவங்க முடிச்சுட்டுப் போற வரைக்கும் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன். அதுக்கப்புறம் நான் சீக்கிரமா வந்ததே இல்ல."

ஜாஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவங்க போனதுக்கு அப்புறமும் யார் கழுவறாங்கன்னு நான் கேட்கல," என்றாள் டாம்ஸின். "குழுவுல தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். நாமளே கழுவணும்னு எனக்குத் தோணவே இல்ல க்ளெம்."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் சக்கரச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

க்ளெம் தொப்பியைக் கட்டில் மேல் வைத்தார். மூலையிலிருந்த நாற்காலியை இழுத்து வந்து அவள் தலைமாட்டுக்குப் பக்கத்தில் போட்டு, மெதுவாக உட்கார்ந்தார்.

"என்ன பாட்டு பாடிக்கிட்டிருந்தா?" என்று கேட்டார்.